ஆங்கில வகுப்பில் ஓர் ‘ஆம்’

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் படித்தவர்களுக்கு ‘டெவலப்பிங் ஹின்ட்ஸ்’ என்ற கேள்வி நினைவிருக்கும். காகம், தாகம், பானை, கொஞ்சம் தண்ணீர், கூழாங்கல் என்று சில ஆங்கிலச் சொற்களை நடுவில் சிறு கோடுகள் இட்டுக் கொடுத்திருப்பார்கள். மாணவர் அந்தக் கோடுகளை அழித்துவிட்டு அங்கே ‘வாஸ்’, ‘தி’, ‘ஹேட்’ என்று நிரப்பி வாக்கியமாக்க வேண்டும். முடிவில் ‘மாரல்’ என்று அடிக்கோடிட்டு ஒரு வரி எழுத வேண்டும். சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்கத் திணறுகிற பிள்ளையும் இதில் சில மதிப்பெண்கள் வாங்கிவிட முடியும் என்பதால், இதன் பயனை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் கதை எழுதுதல் என்ற பெயரில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் செய்கிற வேலை இது ஒன்றுதான் என்பது வருத்தத்துக்குரியது. அந்தக் காகத்தைப் பார்த்தவர் யார் என்று தெரியாது. எந்த ஊர்ப் பானை, எந்த வெயில் காலம் என்று தெரியாது. சொல்பவர் இல்லை, ‘அப்படியா?’ என்று கேட்பவரும் இல்லை. எலும்பைக் கொடுத்துச் சதையை ஒட்டச் சொல்கிறோம், உயிரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நாட்டார் கதைகளையும், நகரங்களில் வாய்வழியே சுற்றும் நம்ப முடியாத ‘உண்மைச் சம்பவங்களையும்’ ஆங்கில வகுப்பின் படைப்பெழுத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று உலகின் பல இடங்களில் ஆசிரியர்கள் முயன்றுவருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பேய்க்கதை பிடிக்கும், ஆர்வத்தோடு எழுதுவார்கள் என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான், ஆனால் போதுமான காரணமாகாது. பிடித்ததையெல்லாம் பாடமாக வைத்துவிட முடியாது. தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதைவிட வலுவான காரணம் ஒன்று நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. அது வினைமுற்றின் வாலில் ஒட்டிக்கொள்ளும் ‘ஆம்’ என்ற சிறு சொல்.

‘போனாள்’ என்றால் போனதற்கு நான் பொறுப்பு. ‘போனாளாம்’ என்றால் எனக்கு யாரோ சொன்னார்கள், நான் உனக்குச் சொல்கிறேன், நம்புவது உன் பாடு. ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்’ என்று பாட்டி தொடங்கும்போதே, சிறு குழந்தைக்குச் செய்திக்கும் கேள்விச்செய்திக்கும் உள்ள வேறுபாடு இலக்கணப் பெயரே இல்லாமல் புரிந்துவிடுகிறது. இதே ‘ஆம்’ கொஞ்சம் குரல் மாறினால் ஐயமாகும், இன்னும் கொஞ்சம் மாறினால் ஏளனமாகும்: ‘இவரு பெரிய மேதாவியாம்!’ தகவலைக் கைமாற்றும்போது அதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறேன் என்பதை ஒரே அசையில் காட்டிவிடும் வசதி இது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்டிக்கொள்ளும் உறுப்பு கிடையாது. ‘தே சே’, ‘இஸ் செட் டு ஹேவ்’, ‘அப்பேரன்ட்லி’, ‘சப்போஸட்லி’, ‘அலெஜட்லி’ என்று தனித்தனிச் சொற்களில் அது சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தூரம் வேறு, தொனி வேறு. ‘அப்பேரன்ட்லி’ வீட்டுப் பேச்சில் இயல்பாக வரும். ‘அலெஜட்லி’ நீதிமன்றத்தின் வாசனையோடு வரும். ‘சப்போஸட்லி’ சொல்பவர் பாதி நம்பவில்லை என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ‘அந்தப் புளியமரத்துல ஒருத்தி தூக்கு மாட்டிக்கிட்டாளாம்’ என்ற ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுத உட்காரும் பிள்ளை, பொருளை மட்டும் பெயர்த்தால் போதாது. தான் எங்கே நிற்கிறோம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். கட்டுரையாளரும் செய்தியாளரும் வழக்கறிஞரும் நாள்தோறும் எடுக்கும் முடிவு அது. ‘டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச்’ என்று நாம் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின் உயிர்நிலையும் அதுவேதான், நாம் அதை ‘செட் டு’ வந்தால் ‘டோல்ட்’ போடு என்ற வாய்ப்பாடாக்கி வைத்திருந்தாலும்.

இதைக் கண்ணெதிரே காட்டும் நகர்ப்புறக் கதை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. 1990களில் பெங்களூரில் பரவியதாகச் சொல்லப்படுவது. இரவில் ஒரு பெண்பேய் வந்து கதவைத் தட்டுமாம், வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடுமாம், திறந்தவர் பிழைப்பதில்லையாம். அதனால் கதவில் கன்னடத்தில் ‘நாளே பா’ என்று எழுதிவைத்தார்கள். நாளை வா என்று பொருள். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போகும், மறுநாள் வரும், மறுபடியும் அதையே படிக்கும், மறுபடியும் போகும். 2018இல் ‘ஸ்த்ரீ’ என்ற இந்திப்படம் இதே கருவை எடுத்துக்கொண்டது. இந்தக் கதையின் பூட்டு ‘நாளை’ என்ற சொல்லில் இருக்கிறது. ‘இன்று’, ‘நாளை’, ‘இங்கே’, ‘நான்’ போன்ற சொற்களுக்குச் சொல்பவரும் சொல்லும் நேரமும் இல்லாமல் பொருள் கிடையாது. கதவில் எழுதியவர் விலகிப் போய்விட்டார், எழுதிய நேரமும் போய்விட்டது; படிக்கிற ஒவ்வொரு இரவும் ‘நாளை’ புதிதாகப் பிறக்கிறது. ஆங்கில இலக்கணப் புத்தகம் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது ‘டுமாரோ’ என்பதை ‘தி நெக்ஸ்ட் டே’ ஆக்கு என்கிறது. ஏன் என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை. பெங்களூர்ப் பேய்க்கு அந்த விதி தெரிந்திருந்தால் இரண்டாம் இரவிலேயே ‘மறுநாள் வரச் சொன்னார்கள், இதோ வந்துவிட்டேன்’ என்று உள்ளே நுழைந்திருக்கும். அந்த இரண்டாம் இரவைப் பேயின் பார்வையில் ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிற மாணவருக்கு, அயற்கூற்றில் காலச்சொல் ஏன் மாறுகிறது என்பதைத் தனியே விளக்கத் தேவையிருக்காது. எழுத்தறிவே ஆயுதமாகிற கதை இது என்பதும், அந்தப் பேய் கன்னடம் படித்த பேய் என்பதும் வகுப்பில் பேச வேண்டியவை. கன்னடம் தெரியாத பேய் வந்தால் என்ன ஆகும் என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியே நல்ல கதைக்கான வித்து.

இத்தகைய கதைகள் எப்படி இயங்குகின்றன என்பதை நாட்டாரியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளனர். சாலையில் ஒரு பெண் கைகாட்டி வண்டியில் ஏறுகிறாள், இறங்கும் இடம் வருமுன் மறைந்துவிடுகிறாள், விசாரித்தால் அவள் பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோனவள். இந்தக் கதையின் 79 வடிவங்களைத் திரட்டி ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசாலி ஹேங்கி ஆகிய இருவர் 1942இலும் 1943இலும் கலிபோர்னியாவின் நாட்டாரியல் இதழொன்றில் எழுதினர். ஜேன் ஹெரால்டு பிரன்வாண்ட் 1981இல் வெளியிட்ட நூலுக்கு இந்தக் கதையையே தலைப்பாக வைத்தார். ‘நகர்ப்புறக் கதை’ என்ற சொல் பொதுமக்களிடையே பரவியதில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் மலைப்பாதைகளில் அதே பெண் வெள்ளைச் சேலையும் மல்லிகை வாசனையுமாக ஏறுகிறாள், அல்லது ஏறாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிறாள். ஊர் மாறுகிறது, வண்டி மாறுகிறது, நம்பவைக்கும் உத்தி மட்டும் மாறுவதில்லை. இதைச் சொல்கிறவர் ஒருபோதும் தனக்கு நடந்ததாகச் சொல்வதில்லை. நண்பனின் நண்பனுக்கு, சித்தப்பாவோடு வேலை செய்கிற டிரைவருக்கு நடந்தது. பிரிட்டனின் ராட்னி டேல் 1978இல் இந்த ‘நண்பனின் நண்பன்’ என்ற ஆளுக்கு ஒரு சுருக்கப்பெயரே வைத்தார். கல்லறைமேல் கிடக்கும் கோட்டு, வண்டி இருக்கையில் ஈரம் என்று கடைசியில் ஒரு தடயம் வரும். இடத்தின் பெயர் துல்லியமாக இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. படைப்பெழுத்துப் பயிற்சியில் ‘நம்பகத்தன்மையோடு எழுது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, ஒரே கதையின் நான்கு வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தத் தடயம் எங்கே சேர்ந்தது, எந்த ஊர்ப்பெயர் ஏன் மாறியது என்று பார்க்கவைப்பது எவ்வளவோ மேல். வகுப்பில் உள்ள நாற்பது பேரும் வீட்டில் கேட்டுவந்தால் ஒரே வாரத்தில் நாற்பது வடிவங்கள் கிடைத்துவிடும்.

மொழியியலாளர் வில்லியம் லபோவ், ஜோஷுவா வலெட்ஸ்கியுடன் சேர்ந்து 1967இல் எழுதிய கட்டுரையை இங்கே நினைவுகூர வேண்டும். பேச்சுவழக்கை ஆராய மக்களைப் பேசவைத்தபோது, ‘செத்துப்போய்விடுவோம் என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் தங்கள் மொழியைக் கண்காணிப்பதை விட்டுவிட்டு இயல்பாகப் பேசுவதை லபோவ் கண்டார். அப்படிச் சொல்லப்பட்ட கதைகளில் நிகழ்ச்சி வரிசை மட்டும் இல்லை. ‘இதை ஏன் உனக்குச் சொல்கிறேன்’ என்று சொல்பவர் உணர்த்தும் ஒரு பகுதியும் இருந்தது. அதை ‘மதிப்பீடு’ என்றனர். அது இல்லாத கதையைக் கேட்டவர் ‘சரி, அதனால் என்ன?’ என்றுதான் கேட்பார். தேர்வுத்தாள் காகத்துக்கு நேர்ந்திருப்பது இதுவே. நிகழ்ச்சி வரிசை இருக்கிறது, மதிப்பீட்டின் இடத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய ‘மாரல்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சத்தில் வாய் திறக்காத பிள்ளைகளுக்கு இந்த ஆய்வு சொல்வது மிக முக்கியம்: சொல்லியே ஆக வேண்டும் என்ற வேகம் வந்துவிட்டால், தவறு பற்றிய அச்சம் பின்னுக்குப் போகும்.

இதுவரை சொன்னது வெறும் பேய்க்கதைக்கான வாதம் என்று தோன்றக்கூடும். அதனால் ஆழமான ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். ‘நீலிக் கண்ணீர்’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். அந்த நீலி பழையனூர்க்காரி. திருவாலங்காட்டை அடுத்த ஊர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், பேயாகி, வணிகனாகப் பிறந்துவிட்ட அவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுவிட்டு ஓடுகிறார்’ என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். அவன் இவள் பேய் என்று கதறுகிறான். காவலுக்கு மந்திர வாள் வைத்திருக்கிறான். சபையோர் எழுபது வேளாளர். அவள் கண்ணீரை நம்பி, வாளை வைத்துவிட்டு அவளோடு இரு, உனக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீப்பாய்ந்து இறந்தார்கள் என்பது கதை. அவர்கள் நினைவாக ஒரு மண்டபம் இன்றும் காட்டப்படுகிறது. சம்பந்தர் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு உண்டு. எனவே குறைந்தது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நம்மிடையே சுற்றிவரும் கதை இது.

கதையின் நடுவில் இருப்பது ஒரு வழக்கு. யார் சொல்வதை நம்புவது, நம்பி ஒரு தீர்ப்புச் சொன்னவர் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? எழுபது பேர் ‘ஆம்’ போட வேண்டிய இடத்தில் ‘ஆம்’ போடாமல் உறுதி சொல்லி, அந்த உறுதிக்குத் தங்களையே ஈடாகக் கொடுத்தவர்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர் மூன்று வாக்குமூலங்கள் எழுதட்டும்: வணிகன் ஒன்று, நீலி ஒன்று, எழுபதாவதாகத் தீயில் இறங்கியவர் ஒன்று. ஒவ்வொன்றிலும் தனக்குத் தெரிந்தது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்பதை ஆங்கில வாக்கிய அமைப்பே காட்ட வேண்டும். அப்போது இன்னொன்றும் வெளிப்படும். நம் மரபுத்தொடர் பொய்க்கண்ணீரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் நடந்த மனைவிக் கொலையை மறந்துவிட்டது. மொழி எதை ஞாபகம் வைக்கிறது, எதைக் கைவிடுகிறது என்பதை இதைவிட நேரடியாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. குமரி மாவட்டத்துப் பிள்ளைக்கோ இதே நீலி வில்லுப்பாட்டில் இசக்கியம்மனாக அறிமுகமானவள். முப்பந்தலில் கோயில் கொண்டவள். அந்தப் பிள்ளை ‘கோஸ்ட்’ என்று எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கினால் கொஞ்சம் தயங்கும், ஏனென்றால் வீட்டார் பொங்கலிட்டுக் கும்பிடும் தெய்வத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது; ‘காடஸ்’ என்றாலும் பொருந்தாது. ‘இசக்கி’ என்றே எழுதி, அடுத்த வாக்கியத்தில் அவள் யாரென்று தெரியாதவருக்குப் புரியவைக்கும் பயிற்சிதான் அந்த வகுப்பின் பெரிய லாபம். எந்தச் சொல்லைப் பெயர்க்கலாம், எதை அப்படியே விடலாம் என்ற தெளிவு, ஆங்கிலத்தில் எழுதும் தமிழருக்கு வாழ்நாள் முழுதும் வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது மூடநம்பிக்கை. பகுத்தறிவை வளர்க்க வேண்டிய பள்ளி பேயையும் பிசாசையும் வளர்க்கலாமா? இது அற்பமான கேள்வி அன்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினர்களோடு கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்மணி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததால் பிள்ளைபிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டனர். பிள்ளைபிடிப்பவன் என்பது பழைய நாட்டார் உரு. அது கொலையும் செய்யும் என்பதை நாம் கண்டுவிட்டோம். ஆனால் அந்த வதந்தி எந்த வடிவில் பரவியது என்பதைப் பார்க்க வேண்டும். அந்நாட்களில் இந்தியாவில் சுற்றிய ஒரு காணொளியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் அந்த இருவரும் சிறுவனைத் திரும்ப இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்துவது எவ்வளவு எளிது பாருங்கள் என்ற எச்சரிக்கையைக் காட்டுவார்கள். அந்த முடிவை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். கதையின் சட்டகம் போய், கதை மட்டும் செய்தியாக நின்றது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் அனுப்பப்படும் செய்திகளின் தலையில் ‘ஃபார்வேர்டட்’ என்று ஓர் அடையாளம் இட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்ப முடியாதபடியும் செய்தது. அந்த அடையாளம் வேறென்ன? பாட்டியின் ‘ஆம்’தான். பேச்சில் தானாக வந்துகொண்டிருந்ததைக் கைபேசியில் ஒரு கம்பெனி செயற்கையாக ஒட்ட வேண்டியிருந்தது. வாய்வழிக் கதைகளை வகுப்பிலிருந்து விலக்கினால் வதந்தி நின்றுவிடாது. அதை அறுத்துப் பார்க்கும் பழக்கம்தான் இல்லாமல் போகும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த லிண்டா டேக், இத்தகைய கதைகள் நம்பிக்கையின் வெளிப்பாடு என்பதைவிட நம்பிக்கை பற்றிய விவாதம் என்று காட்டினார். ஒருவர் சொல்வார், ஒருவர் மறுப்பார், மூன்றாமவர் ‘எங்க ஊர்லயும் நடந்துச்சு’ என்பார். விவாதத்துக்கு வகுப்பறையைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது தடை நாட்டாரியல் அறிஞர்களிடமிருந்து வருகிறது. பிள்ளைகள் கற்பனை கலந்து எழுதினால் மூலம் கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. மக்கள் வாயில் பிறக்காமல் எழுத்தாளர்கள் இட்டுக்கட்டிப் ‘பழங்கதை’ என்று விற்றவற்றை ரிச்சர்ட் டார்சன் 1950இல் கடுமையாகச் சாடி, அவற்றுக்குப் ‘போலி நாட்டாரியல்’ என்ற பொருளில் ஒரு சொல்லையே உருவாக்கினார். மரம்வெட்டி ராட்சதன் பால் பன்யன் பற்றிய கதைகள் அவர் காட்டிய முக்கிய எடுத்துக்காட்டு. அவை பரவ ஒரு மரக் கம்பெனியின் விளம்பரப் புத்தகங்கள் பெரிதும் உதவின. டார்சனின் கோபம் நியாயமானது. ஆகவே கேட்டதை ஒரு நோட்டிலும் எழுதியதை வேறு நோட்டிலும் வைக்க வேண்டும். முதல் நோட்டில் யாரிடம், எந்த ஊரில், எப்போது கேட்டது என்பது இருக்க வேண்டும், மொழியும் சொன்னவர் மொழியாகவே இருக்க வேண்டும். ஆனால் மறுபடைப்பே கூடாது என்றால் நம் இலக்கியத்தில் பாதியைக் கைவிட வேண்டிவரும். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’ இதே பழையனூர் நீலியை எடுத்துக்கொண்டது. முனிவரை மிரட்டப் போன பேய், அவர் அஞ்சாமல் நின்றதைக் கண்டு சமணம் தழுவி, பிறகு ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு தர்க்கம் செய்கிறாள். பொய்க்கண்ணீரால் ஒரு சபையை வீழ்த்தியவளை, வாதத்தால் பல சபைகளை வெல்பவளாக மாற்றிய அந்தப் பெயர் தெரியாத புலவரின் துணிச்சலை நினைத்து நான் வியக்காத நாள் இல்லை. அவர் மூலத்தைக் கெடுக்கவில்லை. ஊரில் நீலி கதை தன் பாட்டுக்குத் தொடர்ந்தது. அமெரிக்காவில் ஸோரா நீல் ஹர்ஸ்டன், தான் வளர்ந்த புளோரிடாவின் கறுப்பின மக்களிடம் திரட்டிய கதைகளை 1935இல் நூலாக்கியபோது, கதை கேட்கப் போன தன்னையும் அந்தத் திண்ணைப் பேச்சையும் உள்ளே வைத்தே எழுதினார். திரட்டுவதும் படைப்பதும் ஒரே கையால் நேர்மையாக நடக்க முடியும் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்கவைப்பது. இதையெல்லாம் தமிழ் வகுப்பில் செய்தால் போதாதா, ஆங்கிலம் எதற்கு? தமிழ் வகுப்பில் செய்யத்தான் வேண்டும். கி. ராஜநாராயணனும் நா. வானமாமலையும் திரட்டித் தந்த செல்வம் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் கிடைக்காமல் ஆங்கிலத்தில் மட்டும் கிடைக்குமானால் அது அவமானம். ஆனால் நம் கதைகளை ஆங்கிலத்தில் எழுதுவது புதிதும் அன்று, எஸ். எம். நடேச சாஸ்திரி 1880களிலேயே தென்னிந்திய நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இன்று ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பெருகிவரும்போது, அவர்களுடைய ஆங்கிலத்தில் நுழைவது வேறு யாரோ ஓர் ஊரின் பனிமனிதனும் பூசணிக்காய் வண்டியும் மட்டும் என்றால், அந்த மொழியில் அவர்களுக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதுமில்லை என்று ஆகிவிடும். அதற்கு மேல், முன்பு சொன்ன ‘ஆம்’ வேலை செய்ய இரண்டு மொழிகள் வேண்டும். தமிழுக்குள் இருக்கும்வரை அது மூச்சு மாதிரி, கண்ணில் படாது. பெயர்க்க முயலும்போதுதான் அது இருந்ததே தெரிகிறது. எனவே கேட்பது தமிழில், குறிப்பெடுப்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில், விவாதம் இரண்டிலும் என்ற வரிசையே சரி. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பது ஆசிரியர்களின் உடனடிக் கவலை. எழுத்துப்பிழைக்கும் காலப்பிழைக்கும் குறைப்பதை முதல் வரைவில் நிறுத்திவைத்துவிட்டு, மூன்று கேள்விகளை மட்டும் ஓரத்தில் எழுதினால் போதும்: இதை உனக்குச் சொன்னவர் யார்? அவர் சொன்னது எது, நீ சேர்த்தது எது? கேட்டவர்களில் யார் நம்பவில்லை? இரண்டாம் வரைவில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தர முயலும்போதே ‘செட்’, ‘ஹேட் ஹெர்ட்’, ‘மஸ்ட் ஹேவ் பீன்’ எல்லாம் தேவையின் பொருட்டு வந்து நிற்கும். அவற்றை அப்போது திருத்தினால் பிள்ளைக்கும் காரணம் புரியும். எழுதியதை உரக்கப் படிக்கவும் வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது எதிரே ஒருவர் ‘உம்’ கொட்டிக்கொண்டிருப்பார். அது நின்றால் கதையும் நிற்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவர் தன் ஆங்கிலக் கதையைப் படிக்கும்போது மற்றவர்கள் எந்த வரியில் ‘உம்’ கொட்டினார்கள், எந்த வரியில் சட்டென்று பேச்சற்றுப் போனார்கள் என்பதை ஆசிரியர் தாளின் ஓரத்தில் சிறு புள்ளியாகக் குறித்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிகளோடு தாளைத் திருப்பிக் கொடுத்தால், எந்த வாக்கியத்தைக் கைவைக்காமல் விட வேண்டும் என்பது எழுதிய பிள்ளைக்கே தெரியும்.